சுண்ணாம்புப் பாறையில் பெய்த மழை

சென்ற இதழில், பிரான்சின் போர்டோ நகரிலிருந்து ஒரு மே மாத மழை நாளில் செயின்ட் எமிலியோன் என்னும் பழைய ஒயின் ஊருக்குப் போய்வந்ததைச் சுருக்கமாக எழுதியிருந்தேன். காலை முதல் மாலை வரை மழை விடவே இல்லை என்பதையும், வெயிலில் போயிருந்தால் அந்த ஊர் எனக்கு இவ்வளவு புரிந்திருக்காது என்பதையும் அதில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பல வாசகர்கள் கேள்வி எழுதியிருக்கிறார்கள். இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: என் மகன் போர்டோவில் படிக்கிறான். அடுத்த ஆண்டு அவனைப் பார்க்கப் போகும்போது ஒரு நாள் அந்த ஊருக்கும் போகலாம் என்றிருக்கிறோம். ஆனால் மழை பெய்தால் பணம் வீண் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் மட்டும் மழையிலேயே போகலாம் என்கிறீர்கள். ஏன்? எப்படிப் போவது?

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். போர்டோவின் செயின்ட் ழான் ரயில் நிலையத்திலிருந்து வட்டார ரயிலில் ஏறினால் ஏறத்தாழ 35 முதல் 40 நிமிடங்களில் செயின்ட் எமிலியோன் நிலையம் வந்துவிடும். நிலையம் மிகச் சிறியது; ஊருக்குள் இல்லை. இறங்கியதும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறத்தாழ இருபது நிமிடம் நடக்க வேண்டும். ரயில்கள் அடிக்கடி கிடையாது என்பதால், திரும்பும் ரயிலின் நேரத்தைக் காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மழையில் அந்த நடை வேண்டாம் என்றால் எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லிபூர்ன் நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் பிடிக்கலாம். நான் நடந்தேதான் போனேன். குடையைவிடத் தலையை மூடும் மழைக்கோட்டே அங்கே பயன்படும், ஏனென்றால் சரிவுகளில் இரண்டு கையும் வேண்டியிருக்கும்.

மழை ஏன் இழப்பில்லை என்றால், அந்த ஊருக்கு இரண்டு தளங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் வீடுகளும் கோபுரங்களும் மேல்தளம். அவற்றைக் கட்டுவதற்காக வெட்டி எடுத்த கல்லின் வெற்றிடம் கீழ்த்தளம். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்து, இந்த ஊரையும் லிபூர்னையும் போர்டோவின் பல கட்டடங்களையும் எழுப்பியிருக்கிறார்கள். அப்படி உண்டான சுரங்க வழிகள் அந்த வட்டாரத்தில் மொத்தம் 200 கிலோமீட்டர் அளவுக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். கோடையானாலும் குளிர்காலமானாலும் உள்ளே குளிர்ச்சியும் ஈரப்பதமும் அதிகம் மாறுவதில்லை என்பதால், கல் எடுத்து முடிந்த சுரங்கங்கள் ஒயின் பீப்பாய்களுக்கு இருப்பிடமாயின. ஊரின் முக்கியமான பாதி தரைக்குக் கீழே இருக்கும்போது, மழை உங்களை உள்ளே விரட்டுவது நல்லதே. வெயில் நாளில் வருகிறவர்கள் சந்தைத் திடலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பொழுதைக் கழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து ஓர் ஆசிரியர்: ஒரே பாறையைக் குடைந்து செய்த தேவாலயத்தைப் பற்றி இரண்டு வரிதான் எழுதினீர்கள். தூண்களை இரும்புச் சட்டங்கள் தாங்குவதாகவும் அதற்கு நீரே காரணம் என்றும் சொன்னீர்கள். கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா?

அவசியம் சொல்கிறேன், அன்று என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் அதுதான்.

எட்டாம் நூற்றாண்டில் பிரித்தானி பகுதியின் வான் நகரிலிருந்து எமிலியோன் என்ற துறவி இங்கே வந்து ஒரு குகையில் தங்கினார், 767இல் மறைந்தார் என்பது மரபு. முன்பு ஒரு பிரபுவின் வீட்டில் வேலை செய்தபோது அவர் ஏழைகளுக்கு ரொட்டியை மறைத்து எடுத்துப் போனார். பிடித்துக் கேட்டபோது அங்கியைத் திறந்தால் ரொட்டிகளெல்லாம் விறகுக் கட்டைகளாக இருந்தன என்று ஒரு கதை சொல்கிறார்கள். அவர் தங்கிய குகையில் இன்றும் ஓர் ஊற்று இருக்கிறது. பாறையில் செதுக்கிய ஓர் இருக்கையும் இருக்கிறது. குழந்தை வரம் வேண்டுகிறவர்கள் அதில் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். ஊர் அந்த ஊற்றைச் சுற்றி வளர்ந்தது என்பதை மழை நாளில் யாரும் விளக்கத் தேவையில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் காதிலேயே விழும்.

துறவியின் நினைவாக 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிலுள்ள பாறைச்சரிவைக் குடைந்து தேவாலயம் செய்தார்கள். நம் வழக்கில் சொன்னால் அது ஒரு குடைவரை. நீளம் 38 மீட்டர், அகலம் 20 மீட்டர். உயரம் மூன்று மாடி வீட்டைத் தொடும். கல்லின் மேல் கல்லாக அடுக்கியது எதுவும் உள்ளே இல்லை. தூண்கள் பாறையில் வெட்டாமல் விட்ட பகுதிகளே. இதன் கூரைக்கு மேலேதான் சிக்கல் தொடங்குகிறது. 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் அந்தப் பாறையின் முதுகில் 68 மீட்டர் உயர மணிக்கோபுரம் ஒன்றை எழுப்பினார்கள். அதன் எடை ஏறத்தாழ 4,500 டன். அவ்வளவு பாரத்தையும் அடியில் குடைந்து விட்ட பாறைத் தூண்களே தாங்குகின்றன.

உலர்ந்த சுண்ணாம்புக் கல்லும் நனைந்த சுண்ணாம்புக் கல்லும் ஒன்றல்ல. அந்தக் கல் பஞ்சுபோல் நீரை உறிஞ்சும். உறிஞ்சிய பின் அதன் தாங்கும் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். மேலிருந்து கசியும் மழைநீரும் கீழிருந்து ஏறும் நிலத்தடி நீரும் சேர்ந்து தூண்களை நலிவடையச் செய்ததால், இடுப்புக்குக் கச்சை கட்டியதுபோல் அவற்றுக்கு இரும்புச் சட்டங்கள் பூட்டியிருக்கிறார்கள். படத்தில் பார்த்தபோது எனக்கு அது கண்ணை உறுத்தியது. நேரில், கனமழை பெய்துகொண்டிருக்கும்போது, தூணின் அடிப்பாகம் முழங்கால் உயரம் வரை கறுத்து ஈரம் பூத்திருப்பதையும், விளக்கொளி படும் இடத்தில் பச்சைப்பாசி மெல்லிய வெல்வெட்டாகப் படிந்திருப்பதையும் பார்த்தபின், அந்த இரும்பின் மேல் நன்றிதான் வந்தது.

ஈரம் செய்த இன்னொரு வேலையும் உண்டு. ஈரச் சுண்ணாம்புச் சுவர்களில் வெடியுப்பு பூக்கும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் போருக்கு வெடிமருந்து தேவைப்பட்டதால், இந்தத் தேவாலயத்தின் சுவர்களைச் சுரண்டி வெடியுப்பு எடுத்தார்கள். அப்போது சுவரோவியங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. இன்று உள்ளே வெறும் பாறைதான் என்று குறைப்படுகிற பயணிகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

தனியாக உள்ளே போக அனுமதி இல்லை. சுற்றுலா அலுவலகத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். துறவியின் குகை, 13ஆம் நூற்றாண்டுத் திரித்துவச் சிற்றாலயம், கல்லறைச் சுரங்கம் ஆகியவையும் அதே சுற்றில் அடங்கும். மழை நாளில் எல்லோரும் கூரை தேடி இங்கேதான் வருவார்கள் என்பதால் காலையிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: நான் மது அருந்துவதில்லை. ஒயின் ஊரில் எனக்கு என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ இந்த ஊரையும் சுற்றியுள்ள ஏழு ஊர்களையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அதை ஒரு பண்பாட்டு நிலக்காட்சி என்றே வகைப்படுத்தியது. திராட்சைத் தோட்டப் பகுதி ஒன்றுக்கு அப்படி ஒரு தகுதி கிடைத்தது உலகில் அதுவே முதல்முறை. அந்த எட்டு ஊர்களின் எல்லையோ 1289இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் வகுத்தது; அன்று இந்தப் பகுதி ஆங்கிலேய அரசரின் ஆட்சியில் இருந்தது. அதற்கும் முன்னால், 1199இல், அரசர் ஜான் ஊர்ப் பெரியவர்களின் சபைக்கு உரிமைச் சாசனம் கொடுத்தார். ழுராத் எனப்படும் அந்தச் சபைதான் ஊரையும் ஒயினின் தரத்தையும் ஆண்டது. புரட்சியோடு மறைந்து, 1948இல் மீண்டும் உயிர்பெற்ற அந்தச் சபையின் உறுப்பினர்கள் செப்டம்பரில் சிவப்பு அங்கி அணிந்து அரச கோபுரத்தின் உச்சியில் ஏறி அறுவடைக் காலத்தை அறிவிக்கிறார்கள். குடிப்பவருக்கும் குடிக்காதவருக்கும் இது ஒரே வரலாறுதான்.

சாப்பிட மக்ரோன் இருக்கிறது. 1620இல் உர்சுலைன் கன்னியர் மடத்தில் தொடங்கியது என்று சொல்லப்படும் இந்தப் பலகாரத்துக்குப் பாதாம், சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு மட்டுமே சேர்மானம். முட்டை தவிர்ப்பவராக இருந்தால் இதையும் விட்டுவிடுங்கள். பாரிஸ் கடைகளில் வண்ண வண்ணமாக, நடுவே பூரணம் வைத்து விற்பதைப்போல் இது இருக்காது. தட்டையாக, மேலே வெடிப்புகளோடு, சுட்ட காகிதத்தோடேயே விற்பார்கள். காகிதத்திலிருந்து ஒன்றைப் பிய்த்தெடுத்தால் அடிப்பாகம் கொஞ்சம் காகிதத்திலேயே ஒட்டிக்கொள்ளும். நகத்தால் சுரண்டிச் சாப்பிட வேண்டும். ஈரக் கையோடு, ஒரு வாசற்படியின் கீழ் ஒதுங்கி நின்று நான் அப்படித்தான் சாப்பிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: புரட்சிக் காலத்தில் இந்த ஊரின் நிலத்தடியில் அரசியல் தலைவர்கள் ஒளிந்திருந்தார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவர்கள் யார்? என்ன ஆனார்கள்?

அவர்கள் ஜிரோந்தின் அணியினர். குடியரசை விரும்பியவர்கள், ஆனால் பாரிஸில் அதிகாரத்தைக் கைப்பற்றிய ஜாக்கோபின்களோடு மோதி 1793இல் வீழ்ந்தவர்கள். தப்பியோடியவர்களில் எலி குவாதே இந்த ஊரிலேயே பிறந்தவர். பெத்தியோன், புயூசோ, பார்பரூ உள்ளிட்ட தோழர்களோடு அவர் சொந்த ஊருக்கு வந்தார். அடைக்கலம் கொடுத்தவர் அவருடைய உறவினரான பூக்கே அம்மையார். அவருடைய வீட்டுக் கிணற்றின் பக்கச் சுவரில் ஒரு பழைய கல்சுரங்கத்தின் வாய் திறந்திருந்தது. கிணற்றில் இறங்கி அந்த வழியாக உள்ளே போய் ஏழு பேர் ஒளிந்திருந்தார்கள். ஊரில் உணவுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில், ஒரு வீட்டுக்குரிய பங்கிலிருந்து ஏழு பேரின் பசியை அந்த அம்மையார் ஆற்ற வேண்டியிருந்தது. ஈரம் சொட்டும் அந்தச் சுரங்கத்தில் குளிர்காலத்தில் இருப்பது எப்படிப்பட்டது என்பது, மே மாதத்திலேயே நிலத்தடியில் அரைமணி நேரம் நின்று நடுங்கிய எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

பின்னர் அவர்கள் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிய நேர்ந்தது. குவாதேயும் இன்னொரு தோழரான சாலும் 1794 ஜூனில் குவாதேயின் தந்தை வீட்டில் பிடிபட்டு, போர்டோவில் கில்லட்டினுக்கு இரையானார்கள். தன்னைத்தானே சுட்டுக்கொண்டும் சாகாத பார்பரூவையும் அங்கேயே கொன்றார்கள். பெத்தியோனும் புயூசோவும் வயல்வெளியில் பிணமாகக் கிடைத்தார்கள். பூக்கே அம்மையாரும் தப்பவில்லை. அதே ஆண்டு ஜூலையில் அவருடைய தலையும் துண்டிக்கப்பட்டது. பாரிஸில் ஜாக்கோபின்களின் தலைவர் ரோபஸ்பியர் வீழ்ந்ததும் அந்த ஜூலைக் கடைசியில்தான். தலைவர்களின் பெயர்களைப் பாடநூல்கள் சொல்கின்றன. கிணற்றுக்குள் உணவை இறக்கிய அந்தப் பெண்ணின் பெயரையும் நீங்கள் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: என் தாயாருக்கு வயது 70, முழங்கால் வலி உண்டு. அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போகலாம், ஆனால் மழையில் வேண்டாம். மேலூரையும் கீழூரையும் இணைக்கும் செங்குத்தான சந்துகளை அங்கே தெர்த்ரு என்கிறார்கள். ஒயின் ஏற்றிச்செல்ல இங்கிலாந்திலிருந்து வந்த கப்பல்கள் பாரத்துக்காகக் கொண்டுவந்த கற்களைத்தான் அவற்றில் பதித்திருக்கிறார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். பல நூற்றாண்டுக் கால்கள் தேய்த்த அந்தக் கற்கள் நனைந்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். ஒரு சந்தின் நடுவே இரும்புக் கைப்பிடி போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நானே ஒவ்வோர் அடியாகத்தான் இறங்கினேன். மணிக்கோபுரத்துக்கு 196 படிகள். தாயாரை மேலூரிலேயே இறக்கி, பெரிய தேவாலயத்தையும் அதன் தூண்மண்டபத்தையும் காட்டுங்கள். கோபுரத்தடியிலிருந்து பார்த்தாலே கீழூர் முழுவதும் தெரியும்.

கம்பத்திலிருந்து ஒரு திராட்சை விவசாயி: நாங்கள் பன்னீர் திராட்சை போடுகிறோம். மழை என்றாலே அடிச்சாம்பல் நோய்தான் நினைவுக்கு வருகிறது. போர்டோ கலவை அந்த ஊரிலிருந்து வந்ததுதானா? அங்கே இன்னும் அதைத்தான் அடிக்கிறார்களா? தண்ணீர் எப்படிப் பாய்ச்சுகிறார்கள்?

ஐயா, இந்த மாதத்தின் மிகச் சிறந்த கேள்வி உங்களுடையது.

ஆம், நீங்கள் மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் அதே கலவைதான். பெயரும் அந்தப் போர்டோவின் பெயர்தான். ஆனால் அது பிறந்த இடம் செயின்ட் எமிலியோன் அல்ல. போர்டோவுக்கு வடக்கே, மெதோக் பகுதியின் செயின்ட் ழூலியன். வேர்ப்பேன் தாக்கி பிரான்சின் கொடிகள் மாண்டபோது, அதைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளை இறக்குமதி செய்தார்கள். அவற்றோடு, இலையின் அடிப்புறத்தில் வெண்பூஞ்சை படரும் அடிச்சாம்பல் நோயும் 1878 அளவில் வந்து சேர்ந்தது. சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காதிருக்க, அந்தப் பகுதியினர் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்து, இலைகளை நஞ்சு பூசியதுபோல் தோன்றச் செய்வது வழக்கம். 1882இல் போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மியார்தே அந்தப் பக்கம் போனபோது, தோட்டத்தின் உட்பகுதியில் இலைகள் உதிர்ந்திருக்க, நீலம் பூசிய ஓரத்துக் கொடிகள் மட்டும் இலையோடு நிற்பதைக் கவனித்தார். வேதியியலாளர் கயோனோடு சேர்ந்து சோதித்து, 1885இல் முறையை வெளியிட்டார். பிரெஞ்சில் இதற்குப் ‘பூயி போர்தலேஸ்’ என்று பெயர். பூயி என்றால் கஞ்சி. ஆக, அவர்களுக்கு இது போர்டோ கஞ்சி.

அடிப்படைப் பக்குவம் நீங்கள் அறிந்ததுதான். ஒரு விழுக்காடு கலவைக்கு 100 லிட்டர் நீரில் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு; இரும்புப் பாத்திரம் ஆகாது; துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது; கத்தி முனையை அமிழ்த்தி எடுத்துப் பார்த்தால் செம்பு நிறம் படியக் கூடாது, படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அங்கே இன்று பெரும்பாலும் ஆயத்தமாகக் கலந்து விற்கும் தூளைப் பயன்படுத்துகிறார்கள். தாமிரம் மண்ணில் தங்கிச் சேர்வதால், ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. இயற்கை முறையில் பயிரிடுகிறவர்களுக்கு இதைவிட்டால் வலுவான மருந்து இல்லாததால், மழை மிகுந்த ஆண்டுகளில் அவர்கள் படும் பாடு அதிகம். அங்கே முக்கிய இரகமான மெர்லோ இந்த நோய்க்கு எளிதில் ஆளாகும். 2018இலும் 2023இலும் போர்டோப் பகுதியில் பலர் பெரும் மகசூலை இழந்தார்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை அங்கே நிலைமை முற்றிலும் வேறு. செயின்ட் எமிலியோன் என்ற தரப்பெயரில் விற்கும் ஒயினுக்கான கொடிகளுக்குப் பாசனம் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. போர்டோவின் ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நம் மாநிலத்தின் சராசரியோடு ஒப்பிடக்கூடிய அளவுதான். ஆனால் பருவமழையாகக் கொட்டாமல் ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கிறது. தேவாலயத் தூண்களை நலிவடையச் செய்யும் அதே சுண்ணாம்புப் பாறைதான் இங்கே கொடிகளுக்குக் காவல்: மழையில் குடித்த நீரை வைத்திருந்து, ஜூலை, ஆகஸ்ட் வறட்சியில் வேர்களுக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறது. மழை எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் பிழைப்பு. குளிர்கால மழை சேமிப்பு. ஜூன் தொடக்கத்தில் பூக்கும்போது பெய்தால் பூ உதிரும். செப்டம்பரில் பழுக்கும்போது பெய்தால் பழம் நீர்த்துப்போகும், மெல்லிய தோலுள்ள மெர்லோ அழுகும்.

நான் போனது பூப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பு. நிலையத்துக்குத் திரும்பும் வழியில், மழைக்கோட்டோடு வரிசைகளுக்கு நடுவே குனிந்து நடந்துகொண்டிருந்த ஒரு தோட்டக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். இளைஞர். இலைகளில் முன்பு தெளித்த மருந்தின் நீலப்புள்ளிகள் மழையில் கரைந்து நரம்போரம் மட்டும் மிச்சமிருப்பதைக் காட்டினார். களிமண் சேறாகிவிட்டதால் டிராக்டரை உள்ளே விட முடியவில்லை, மருந்து கழுவிப்போய்விட்டது, அடுத்த தெளிப்புக்கு மண் காய வேண்டும் என்றார். எங்கள் ஊரிலும் திராட்சைக்கு இதைத்தான் அடிக்கிறார்கள், உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள் என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. அங்கே ஆண்டுக்கு எத்தனை அறுவடை என்று கேட்டார். இரண்டு அறுவடை எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றதும் நம்ப முடியாமல் இன்னொரு முறை கேட்டார். பிறகு ஓர் இலையைக் கிள்ளி, அடிப்புறத்தைத் திருப்பி, கட்டைவிரலால் நீரைத் துடைத்துப் பார்த்தார். வெண்பூஞ்சை இன்னும் வரவில்லை. மழை வெள்ளிக்கிழமை நின்றால், சனிக்கிழமை விடிவதற்கு முன்பே முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டாவது இறங்கிவிடுவேன் என்றார்.